மருந்து வைத்த கேள்வி

போன வாரம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த பிஸ்கெட்டை மென்றபடி திரையில் ஓடிய கேள்விகளை வாசித்துக்கொண்டிருந்தேன். பல தேசங்களில் ஒரே சமயத்தில் கேட்கப்போகிற கேள்விகள். மனத்தை வேறு உலகத்துக்குக் கூட்டிப்போகிற காளான், மாத்திரை, செடி கொடிகளை ஜனங்கள் நிஜ வாழ்க்கையில் எதற்காக, எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காம். தமிழும் நன்றாகவே இருந்தது. ‘இந்த மருந்தை நீங்கள் வேறு யாருக்காவது கொடுத்ததுண்டா?’ என்ற கேள்வி வந்தபோது மட்டும் எனக்குப் புரையேறிவிட்டது. உங்களில் ஒரு பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்திருப்பீர்கள். காரணம் அதுவல்ல. அன்றைக்கே சொல்லியிருப்பேன், ஆனால் என் மாதிரி ஆட்கள் பேசுவதற்கு உங்கள் நிகழ்ச்சி நிரலில் ஐந்து நிமிஷம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நானும் இதே வேலையைத்தான் செய்தேன். திரை கிடையாது, அட்டையில் சொருகிய கேள்வித்தாள், தோளில் ஒரு பை, வேலூரிலிருந்து டவுன் பஸ். தாடி வைத்த வெள்ளைக்காரப் பையன்கள் நம் ஊர்ப் பக்கம் வந்து கஞ்சாவிலும் கண்டதிலும் ஞானம் தேடிக்கொண்டிருந்த காலம். அவர்கள் தேசத்து டாக்டர்களுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது: இந்தச் செடிகளோடு கூடவே வாழ்கிற சாதாரண ஜனங்கள் இவற்றை என்ன செய்கிறார்கள்? பல நாடுகளில் ஒரே கேள்வித்தாளைக் கொண்டு கேட்பதென்று முடிவானது. எங்கள் பங்குக்கு ஆம்பூரிலிருந்து மேல்விஷாரம் வரைக்கும் தோல் பதனிடும் ஊர்கள். சத்துவாச்சாரியில் வீடு, கையில் ஒரு பட்டம், கல்யாணத்துக்கு அவசரப்படாத அப்பா என்று எல்லாம் பொருந்தியிருந்ததால் எனக்கு இந்த வேலை கிடைத்தது.

முதலில் சிரிப்புக் கதை. இங்கிலீஷ் கேள்வித்தாளில் ‘ட்ரிப்’ என்று ஒரு வார்த்தை இருந்தது. போதையில் மனம் போகிற பயணத்தை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். மொழிபெயர்த்தவர்களுக்குத் தமிழ் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டார்கள். ஆம்பூரில் ஒரு லாரி டிரைவரிடம் ‘எப்போதாவது ட்ரிப் போனதுண்டா’ என்று படித்தேன். அவர் யோசிக்கவே இல்லை. வாரத்துக்கு மூணு ட்ரிப் அடிப்பேன், பக்ரீத் முடிஞ்சா தோலு ஜாஸ்தி வரும், அப்ப கணக்கே இல்ல என்றார். அடுத்த வீட்டு அம்மாள் முழங்கையைத் திருப்பிக் காட்டி, போன வருஷம் ஆஸ்பத்திரியில் ரெண்டு ட்ரிப்ஸ் ஏத்தினாங்க, கை வீங்கிப் போச்சி என்று வருத்தப்பட்டார். இதையெல்லாம் கூட்டி அனுப்பியிருந்தால் ஆம்பூரைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்திருக்கும். நல்ல வேளையாக எங்கள் மேற்பார்வையாளர் அந்த வார்த்தையை அடித்துவிட்டார்.

அவர் மதுரைப் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. கேள்வியை அச்சில் உள்ளபடி படிக்க வேண்டும், முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது, தேர்ந்தெடுத்த வீட்டில் பெரியவர்கள் எல்லோரையும் தனித்தனியாகப் பேட்டி எடுக்க வேண்டும் என்பதில் பிடிவாதக்காரர். இன்னொரு வார்த்தையை அவரும் நாங்களும் யாருமே கவனிக்கவில்லை. ‘போதைப் பொருள்’ என்று கேட்டால் ஜனங்கள் கதவைச் சாத்துவார்கள் என்று, மரியாதையாக இருக்கட்டுமே என்ற நல்ல எண்ணத்தில், அதற்குப் பதிலாக எல்லா இடத்திலும் ‘மருந்து’ என்று அச்சடித்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பல அர்த்தம். ஆஸ்பத்திரியில் கொடுப்பது மருந்து. நெல்லுக்கு அடிப்பது மருந்து. தோல் ஊறுகிற தொட்டியில் கொட்டுவதும் மருந்துதான். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று இருக்கிறது. ஒருத்தி புருஷனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள அவன் சோற்றில் ரகசியமாக எதையோ கலந்துவிட்டாள் என்று சந்தேகம் வந்தால், ‘மருந்து வச்சிட்டா’ என்பார்கள். அந்தப் பழி விழுந்த பெண்ணின் கதி என்ன என்பதை உங்களில் கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேல்விஷாரத்தை ஒட்டிய ஒரு ஊரில் மூன்று பேர் இருந்த வீடு எங்கள் பட்டியலில் வந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். கோவிந்தம்மா, கூலி வேலை செய்து ஒற்றை மகனை வளர்த்த விதவை. மகன் தணிகாசலம், தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், தோலைத் தேய்த்து வழவழப்பாக்குகிற பிரிவில் வேலை. அந்த இடத்தில் தூசி மாவுமாதிரி பறக்கும், அவனுக்கோ சின்ன வயசிலிருந்தே மூச்சிழுப்பு. மருமகள் மல்லிகா, காவேரிப்பாக்கத்துப் பெண், கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. நான் போன அன்று மகன் வேலைக்குப் போயிருந்தான். மல்லிகாவைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய், முருங்கை மரத்தடியில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினாள். ‘இந்த மருந்தை நீங்கள் வேறு யாருக்காவது கொடுத்ததுண்டா?’ என்று படித்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. கீற்றுத் தட்டிக்கு அந்தப் பக்கம் வரட்டி தட்டிக்கொண்டிருந்த மாமியார் சாணிக் கையோடு எழுந்து வந்தாள்.

“இன்னா கேட்டீங்க நர்ஸம்மா? இன்னொருவாட்டி கேளுங்க.”

பையும் வெள்ளைப் புடவையுமாகப் போனால் எங்கள் ஊரில் நர்ஸ்தான். நான் நர்ஸ் இல்லை, இது எல்லோரிடமும் கேட்கிற கேள்வி என்று சொன்னேன். சொல்லச் சொல்ல நான் எதையோ மூடி மறைக்கிற மாதிரி ஆகிவிட்டது.

“எல்லார் வூட்லயும் எம் புள்ள மாதிரியா கீறான்?” என்று கேட்டாள் கோவிந்தம்மா. பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். “ஆஸ்பத்திரியிலேருந்தே ஆள் வந்து கேக்குறாங்க, மருந்து குட்த்தியான்னு. இதுக்கு மேல இன்னாடி வேணும்?”

அந்த வீடு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெருமுனை வரை என் கூடவே வந்து மல்லிகாதான் சொன்னாள். கார்த்திகை மாதப் பனி தொடங்கியதிலிருந்து தணிகாசலம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாதிரி ஆகிவிடுகிறான். செத்துப்போன அப்பாவோடு பேசுகிறான். சட்டையில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறான். விடிந்தால் ஒன்றும் ஞாபகம் இல்லை. சாப்பிட்ட பிறகுதானே இப்படி ஆகிறது, சமைப்பது யார் என்று மாமியாருக்குச் சந்தேகம். அதிலிருந்து அவள் தனியாக உலை வைக்கிறாள், மருமகள் மொண்டுவந்த தண்ணீரைக்கூடத் தொடுவதில்லை. மகனுக்கு எது வைத்தாலும் மல்லிகா அவன் எதிரில் முதல் வாய் தின்று காட்ட வேண்டும். அப்படித் தின்று காட்டியும் அவன் பூச்சி பொறுக்குவது நிற்கவில்லை.

“வெள்ளிக்கெழம எங்கண்ணன் வர்றாருக்கா. அத்தை ஆள் அனுப்பிச் சொல்லிட்டாங்க” என்றாள். “இட்டுனு போனா அவ்ளோதான், திருப்பி சேத்துக்கமாட்டாங்க. மருந்து வச்சவன்னு பேரு வந்துட்டா எங்கம்மா வூட்லகூட எங்கையால தண்ணி வாங்கமாட்டாங்க.”

அழவில்லை அவள். பஸ்ஸில் வரும்போது யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லோர்மேலும் கோபப்பட்டேன். வெள்ளைக்கார டாக்டர்கள்மேல், மொழிபெயர்த்தவர்கள்மேல், சில்லறை கொடுக்காத கண்டக்டர்மேல்.

மேற்பார்வையாளரிடம் சொன்னேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். அந்த வீட்டைக் கழித்துவிடு, பட்டியலில் அடுத்த வீட்டை எடுத்துக்கொள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நெருப்பில் விரலை விட்டவன் கையை எடுக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கேள்வி கேட்டுவிட்டு நாம் காணாமல் போனால் கோவிந்தம்மா அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வாள்? ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள், கண்டுபிடித்தார்கள், போய்விட்டார்கள் என்றுதானே ஊரெல்லாம் சொல்வாள்?

சரி, போய் மல்லிகா நல்ல பெண் என்று சத்தியம் செய்யலாமா? இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களும் ஒருநாள் இந்த இடத்துக்கு வருவீர்கள். அவள் எதையும் கலக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அரை மணி நேரம் பேசிய பழக்கம். அவள் முகத்தைப் பார்த்து நான் நம்பினேன், அவ்வளவுதான். என் நம்பிக்கையைச் சாட்சியாகக் கொண்டுபோய் வைக்க எனக்கு உரிமை இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தக் கேள்வி எல்லோருக்கும் பொது. அதை வாயால் சொன்னால் அந்த அம்மாள் நம்பவில்லை. வேறு எப்படிக் காட்டுவது என்று ராத்திரி முழுக்கப் புரண்டு, காலையில் மேற்பார்வையாளரிடமே திரும்பிப் போனேன்.

“சார், அந்த வீட்ல மாமியார் பேட்டி பாக்கி இருக்கு. தேர்ந்தெடுத்த வீட்ல எல்லாப் பெரியவங்களையும் எடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? அதே கேள்விய அவங்ககிட்டயும் படிக்கறேன். அவங்க காதால கேக்கட்டும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“போ. ஆனா தாள்ல இருக்கறதத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீ அந்தப் புள்ளைக்கு வக்கீல் இல்ல.”

தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. நான் போனபோது மல்லிகாவின் தகரப் பெட்டி கயிறு கட்டி வாசலில் தயாராக இருந்தது. அவள் அண்ணன் வேப்ப மரத்தடியில் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். தணிகாசலம் உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மல்லிகா பெட்டிப் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்ததும் அந்த அண்ணன் முகம் இன்னும் தொங்கிப் போயிற்று. கோவிந்தம்மாவுக்கோ தெம்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஆள் தன்னைத் தேடி இரண்டாம் முறை வந்திருப்பதைச் சம்பந்தி வீட்டுக்காரன் பார்க்கட்டும் என்று, கூப்பிட்டதும் மாட்டுக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

படிக்க ஆரம்பித்தேன். கஞ்சா எடுத்ததுண்டா? சீ என்றாள். அபின்? பார்த்ததுகூட இல்லை. பூஜைக்கோ, சந்தோஷத்துக்கோ, நோய்க்கோ வேறு எந்தச் செடி? இல்லை. ஊமத்தை? அது ஈஸ்வரனுக்குப் போடுற பூ, அதெப் போயி யாராவது தின்னுவாங்களா என்று சிரித்தாள். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி வந்தது. அதே குரலில், அதே வேகத்தில் படித்தேன்.

“இந்த மருந்தை நீங்கள் வேறு யாருக்காவது கொடுத்ததுண்டா?”

“என்னையா கேக்குற?”

தலையாட்டினேன். அவளுக்குக் கோபம் வரவில்லை, திகைத்துப்போய்விட்டாள். அப்போ இது எல்லாரையும் கேக்குறதுதானா என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான் வந்த காரியம் அதோடு முடிந்தது. அப்பாடா என்று தாளைத் திருப்பியிருப்பேன். ஆனால் ஒவ்வொரு செடிக்கும் கீழே தின்று, குடித்து, தடவி, புகையாக என்று நான்கு வழிகள் அச்சாகியிருந்தன, அதையும் விடாமல் படிக்க வேண்டும் என்பது விதி. படித்தேன்.

“புகையா?” என்றாள். “புகை போடுவேன், எம் புள்ளைக்கு. இழுப்பு வந்தா ஊமத்தை எலையக் காயவச்சி, கொளுத்தி, மூக்காண்ட காட்டுவேன். எங்கப்பாரு காலத்துலேருந்து செய்றது. ஆனா அது மருந்து இல்ல நர்ஸம்மா. அது வெறும் புகை.”

என் பேனா நின்றுவிட்டது. நாங்கள் பயிற்சியில் படித்திருந்தோம், ஊமத்தை என்ன செய்யும் என்று. இல்லாத பூச்சி, இல்லாத ஆள், விடிந்தால் மறதி. அத்தனையும் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. உங்கள் வயசில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் மேற்பார்வையாளர் அல்ல. மகனுக்காக உயிரை விடுகிற ஒரு தாயிடம், அவனைக் கெடுத்தது நீதான் என்று வெளியாள் சொன்னால் அவள் ஒப்புக்கொள்வாளா? என்னையும் மருமகளையும் சேர்த்து ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுவாள். அடுத்த கேள்வி தாளில் இருந்தது. அதைப் படித்தேன்.

“கொடுத்த பிறகு அவரிடம் என்ன மாற்றம் கண்டீர்கள்?”

“நெஞ்சு லேசாவும். மூச்சு விடுவான். வாய் காஞ்சி போவுதும்பான், தண்ணி கேப்பான்.” அங்கே நிறுத்தினாள்.

“இல்லாத பொருள்களையோ ஆட்களையோ கண்டதாகச் சொன்னாரா?”

பசு ஒன்று கழுத்தை உதறியது. நான் அடுத்ததற்குப் போகவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அந்த அண்ணன் செருமினான், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று. கோவிந்தம்மா விரல்களை மடக்கி எதையோ வரிசைப்படுத்திப் பார்த்தாள்.

“வெளக்கு வச்சதும் புகை போடுவேன்” என்றாள் மெதுவாக. “அதுக்கப்புறந்தான் சோறு. தெனமும் அப்பிடித்தான்.” மடக்கிய விரல்களைப் பிரித்தபடி, “இந்த வருசம் பனி ஜாஸ்தி. நானும் ஜாஸ்தி போட்டேன்.”

அவள் சொன்னதைத் தாளில் எழுதினேன்.

“அப்போ மருந்து வச்சது நானு” என்றாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்ன செய்யட்டும் நர்ஸம்மா என்று கேட்டாள். இங்கேதான் தாளில் இல்லாததைப் பேசினேன். புகையை இன்றோடு நிறுத்துங்கள், இழுப்புக்கு நாளைக்கே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், நானும் வருகிறேன் என்றேன். நீங்கள் நல்லதைத்தான் நினைத்தீர்கள் என்றும் சொன்னேன். அதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

பிற்பாடு நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தணிகாசலத்துக்கு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார்கள், தூசி இல்லாத பிரிவுக்கு மாற்றிக்கொண்டான், பூச்சிகளும் போயின, அப்பாவும் போய்விட்டார். மேற்பார்வையாளரிடம் நான் விதியை மீறிப் பேசியதைச் சொன்னேன். ஏன் பேசினாய் என்று கேட்கவில்லை. கேள்வித்தாளை எடுத்து, ‘மருந்து’ என்று இருந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையால் அடித்து, அந்தந்தச் செடியின் பெயரையே எழுதினார். அதற்குப் பிறகு கைவைத்தியம் செய்கிற அம்மாக்கள் எத்தனையோ பேர் எங்களிடம் தாராளமாகப் பேசினார்கள். ‘மருந்து’ என்று கேட்டவரைக்கும் அவர்களெல்லாம் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வார்த்தை தப்பென்றால் கணக்கும் தப்பு. உங்கள் ஏழு கடல் தாண்டிய கணக்குக்கும் இது பொருந்தும். ஆனால் கணக்கு திருந்தியதற்காக நான் இதை எழுதவில்லை.

கொட்டகையிலிருந்து கோவிந்தம்மா வாசலுக்கு வந்தாள். அண்ணன் எழுந்து பெட்டிக் கயிற்றைப் பிடித்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேட்டியில் சொன்னது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான், நான் சொல்லவும் முடியாது. பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“மல்லிகா, தண்ணி கொண்டா” என்றாள்.

அண்ணன் கயிற்றை விட்டான். மல்லிகா ஒரு நிமிஷம் அசையவில்லை, தன்னைத்தான் கூப்பிட்டாளா என்று. பிறகு உள்ளே போய்ச் சொம்பு நிறைய மொண்டுகொண்டு வந்தாள். மாமியார் எதிரில் நின்று, இத்தனை நாள் பழக்கத்தில், தான் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்ட அண்ணாந்து சொம்பைத் தூக்கினாள்.

கோவிந்தம்மா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். “வேணாம். குடு” என்று சொம்பை வாங்கி, காலியாகும்வரை கீழே இறக்காமல் குடித்தாள்.